எதிர்க்கடையின் நீல வாளி

அவளுடைய தேநீர் என்னுடையதைவிட மோசம். இதை நான் இன்றைக்கும் எந்தக் கோயில் வாசலிலும் கற்பூரம் கொளுத்திச் சொல்வேன். சாயம் போதாது. இஞ்சி கண்ணில் படாது. பால்மாவைக் கரைக்கப் பொறுமையில்லாமல் கட்டி கட்டியாக விட்டுவிடுவாள். அப்படியிருந்தும் துறையடியில் பஸ்ஸை விட்டு இறங்குகிற சனத்தில் பாதிப்பேர், அதிலும் பெண்கள் ஒருவர் மிச்சமில்லாமல், என் கடை வாசலைத் தாண்டி, வீதியைக் கடந்து, அவளுடைய கிடுகுக் கொட்டிலுக்குள் போய்விடுவார்கள். நான் காசு போடுகிற லாச்சி மேசைக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். வயிறு எரியும்.

யுத்த காலம் அது. வாவிக்குக் கிழக்கே நாங்கள் இருந்த எழுவான்கரை ஆமியின் கையில். மேற்கே படுவான்கரை இயக்கத்தின் கையில். இரண்டுக்கும் நடுவே ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றி இறக்குகிற மிதவை ஒன்று ஓடியது. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் பாதை. பாதையால் இறங்கினால் சோதனைச்சாவடி. அக்கரைச் சனம் ஆஸ்பத்திரிக்கும் அரசாங்கக் கச்சேரிக்கும் சந்தைக்கும் வந்து போவதென்றால் காலையில் ஒரு வரிசை, பின்னேரம் ஒரு வரிசை. சாவடிக்குப் பொறுப்பாக நின்ற கோப்ரலுக்கு மனம் வந்தால் வரிசை ஒரு மணித்தியாலத்தில் கரையும். மனம் வராவிட்டால் மூன்று, நான்கு என்று வெயிலில் நிற்க வேண்டியதுதான்.

காத்திருக்கிற சனத்துக்குத் தேநீர்க்கடை எவ்வளவு நல்ல யோசனை என்று முதலில் கண்டுபிடித்தவன் நான். தகரக் கூரை போட்டு, உட்கார ஆறு வாங்குகள் செய்து, பணிசும் வடையும் வைக்கக் கண்ணாடி அலுமாரி வாங்கி, பாட்டுக்கு ரேடியோவும் வைத்திருந்தேன். அவள் பிறகு வந்தவள். கிரான் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து, கையில் இரண்டு பானையோடு வந்தவள். புருஷன் யாருடையதோ வயல் வட்டைக்குக் காவல் போவான். வயல் விளைந்து கிடக்கிற மாதங்களில் வீட்டுப்பக்கமே வரமாட்டான். அவள் எனக்கு நேர் எதிரே கொட்டில் போட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பாவம், பிழைத்துப்போகட்டும் என்று பெருந்தன்மையாக என் மனைவியிடம் சொன்னதும் நினைவிருக்கிறது.

ஆறு மாதத்தில் அந்தப் பெருந்தன்மை போன இடம் தெரியவில்லை.

முதலில் சாப்பாட்டில்தான் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். ஒரு ஆளைப் பிடித்து அவளுடைய பிட்டும் சம்பலும் வாங்கிவரச் செய்து, கடைக்குப் பின்னால் நின்று தின்று பார்த்தேன். சம்பலில் உப்புக் கூடுதல். சரி, என் வடை சின்னது போல என்று வடையைப் பெரிதாக்கினேன். ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன். வாங்குகளுக்குப் பச்சை நிறம் அடித்தேன். ஒன்றுக்கும் அசையவில்லை. ஆண்கள் வந்தார்கள், பச்சை வாங்கில் இருந்து பாட்டுக் கேட்டார்கள். அவர்களோடு வந்த பெண்கள் "நீங்க இருங்க, வாறம்" என்று சொல்லிவிட்டு அங்கே போனார்கள். பிறகு ஆண்களும் மெதுவாக எழும்பிப் பெண்களைத் தேடிப் போனார்கள்.

கடைசியில் மனைவியை உளவுக்கு அனுப்பினேன். போனவள் ஒரு மணித்தியாலம் கழித்து, முகம் மலர்ந்து, கையில் ஒரு தீப்பெட்டியோடு வந்தாள்.

"என்ன புள்ள, என்னதான் நடக்கு அங்க?"

"ஒண்டுமில்ல. சும்மா கதைச்சிட்டு வாறன்."

"நம்மட கடையில அடுக்கி வெச்சிருக்கிற தீப்பெட்டிய அங்க போய் வாங்கினியா?"

அவள் சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒருதரம் போனாள். என் கடையில் மா குழைத்து, என் கடையில் பாத்திரம் கழுவுகிற என் மனைவி, எதிர்க்கடைக்குப் போவதற்காகத் தலைசீவிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிற கொடுமை எந்தக் கடைக்காரனுக்கும் வரக்கூடாது.

விஷயம் வெளிப்பட்டது ஒரு கர்ப்பிணிப் பெண்ணால். அன்றைக்கு வரிசை அசையவே இல்லை. அந்தப் பெண் நிழலுக்காக என் வாங்கில் வந்து இருந்தாள். தேநீர் வேண்டாம் என்றாள். தண்ணீர் நீட்டினேன், அதுவும் வேண்டாம் என்றாள். முகம் வியர்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மனைவி வந்து காதில் ஏதோ சொல்லி, கையைப் பிடித்து எழுப்பி, வீதிக்கு அந்தப்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது நான் பொறுமையிழந்து சத்தம் போட்டேன். என் வாங்கில் இருந்த ஆளையே எதிர்க்கடைக்குக் கொண்டுபோய் விடுகிறாயா என்று கேட்டேன்.

அவளுக்கும் கோபம் வந்துவிட்டது.

"பொம்பிளையள் விடியக்காலம் வெளிக்கிட்டு வாறாங்க. லைன்ல நிண்டு, பஸ்ஸில போய், ஆஸ்பத்திரியில காத்துக் கிடந்து, மறுகா இஞ்ச வந்தும் லைன்ல நிக்கணும். ஆம்பிளையள் நீங்க கண்ணாப் பத்தைக்குள்ள போயிருவீங்க. அவங்க எங்க போற? சொல்லுங்க பாப்பம், எங்க போற?"

வாவிக்கரையில் கண்ணா மரங்கள் அடர்ந்து நின்றன. ஆண்களுக்கு அது போதுமாக இருந்தது. பெண்கள் எங்கே போவார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அவர்கள் என் கடையில் தண்ணீர்கூடக் குடிக்காததை அடக்கம் என்று நினைத்திருந்தேன். குடித்தால் போக வேண்டி வரும் என்று பயந்துதான் குடிக்கவில்லை என்பது, அத்தனை வருஷம் துறையடியில் தேநீர் விற்ற எனக்குத் தெரியவில்லை.

மனைவி சொல்லித்தான் மிச்சத்தை அறிந்தேன். எதிர்க்கடைக்காரியின் அடுப்படிக்குப் பின்னால், கிணற்றுக்குப் பக்கத்தில், அவளும் புருஷனும் தங்களுக்கென்று கட்டிய மலசலகூடம் ஒன்று இருந்தது. கிடுகு வேலிதான், கதவுக்குப் பதில் சாக்குப் படங்கு. அடுப்படி வாசலில் ஒரு நீல வாளி இருக்கும். வாளி இருந்தால் போகலாம். இல்லாவிட்டால் யாரோ உள்ளே இருக்கிறார்கள், பலகையில் இருந்து காத்திருக்க வேண்டும். போய் வந்தவள் கிணற்றில் அள்ளி வாளியை நிரப்பி அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கத் தேவையில்லை. வெளியே வரிசையில் நிற்கிற ஆண்களுக்கும் காவல் சென்றியில் நிற்கிற ஆமிக்காரனுக்கும் தெரிவதெல்லாம், ஒரு பெண் கடைக்குள் போகிறாள், ஏதோ வாங்கிக்கொண்டு வருகிறாள் என்பது மட்டும்தான்.

வாங்கச் சொல்லி அவள் கேட்டதே இல்லையாம். "ஒண்டும் வாங்கத் தேவையில்ல, சும்மா வாங்க" என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்வாளாம். அப்படிச் சொன்னால் எந்தப் பெண்ணுக்குச் சும்மா போக மனம் வரும்? ஒரு தேநீர், ஒரு வெற்றிலைக்கூறு, ஒன்றும் தோன்றாவிட்டால் ஒரு தீப்பெட்டி. பயம் போனபிறகு தாகமும் வந்துவிடும், ஆகவே இரண்டாவது தேநீர். அந்தக் கட்டிப் பால்மாத் தேநீர் எப்படி ஓடியது என்று இப்போது விளங்கியது.

பிற்காலத்தில், யுத்தம் முடிந்து பாசிக்குடாவில் ஹோட்டல்கள் எழும்பிய பிறகு, அவற்றில் ஒன்றில் சிறு வியாபாரிகளுக்கென்று ஒரு பயிற்சி வைத்தார்கள். நானும் போனேன். சட்டையை உள்ளே விட்டிருந்த ஒரு தம்பி சுவரில் படம் காட்டி, சமூகப் பொறுப்பும் நல்ல வியாபாரம்தான், சின்னக் கடைக்காரரும் செய்யலாம் என்று விளக்கினார். உங்களில் யாராவது ஒரு உதாரணம் சொல்லுவீர்களா என்று கேட்டார். அந்த மண்டபத்திலேயே சிறந்த உதாரணம் எனக்குத்தான் தெரியும். வாயைத் திறக்கவில்லை. தட்டிலிருந்த கட்லட்டைத் தின்றுகொண்டிருந்தேன். அத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவளுக்கு அந்தக் கைதட்டலை வாங்கிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அத்தனை காலம் கழித்தே அப்படியென்றால், அந்த நேரத்தில் எப்படி இருந்திருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். விஷயம் தெரிந்த இரவே முடிவு செய்துவிட்டேன். அவளுடையது கிடுகு, நான் கல்லால் கட்டுவேன். அவளுடையது சாக்குப் படங்கு, நான் தகரக் கதவு போடுவேன். 

சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில் குழி வெட்டுவதென்றால் சும்மா வெட்ட முடியாது; பங்கர் வெட்டுகிறான் என்று பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். கோப்ரலிடம் போனேன். எனக்குத் தெரிந்த சிங்களம் கொஞ்சம்தான். கக்கூசுக்கு அவர்கள் சொல்கிற வெசிகிளி, வெசிகிளி என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லி, குழியின் அளவைக் கையால் காட்டினேன். அவர் முகம் விரிந்தது. உடனே சம்மதம். காவலரணுக்கு வைத்திருந்த மணலில் பத்துப் பை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மனைவி ஒரே ஒரு புத்திதான் சொன்னாள். "நம்மட அடுப்படியால வழி விடுங்க."

"கண்டவளையெல்லாம் அடுப்படிக்குள்ள விடவா? கடையா, சத்திரமா இது?"

"அப்பிடியெண்டா கட்டாதீங்க."

கட்டினேன். கடைக்குப் பக்கவாட்டில், வீதியைப் பார்த்த வாசலோடு, வெள்ளை அடித்து, நீலத் தகரக் கதவு போட்டு. 'பெண்களுக்கு மட்டும்' என்று பெரிய எழுத்தில் பலகை எழுதி மாட்டினேன். எதிர்க்கடைக்காரி கொட்டில் வாசலில் வந்து நின்று பார்த்தாள். "வடிவாக் கட்டியிருக்கீங்க அண்ணன்" என்றாள். அவள் மனதாரத்தான் சொன்னாள். அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

முதல் நாள் ஒருத்தியும் வரவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. பெண்கள் பலகையை வாசிப்பார்கள், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிர்ப்பக்கம் போவார்கள். வரிசையில் நிற்கிற அத்தனை ஆண்களும், சென்றியில் நிற்கிற பொடியன்களும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த நீலக் கதவைத் திறந்து உள்ளே போக எந்தப் பெண்ணுக்குத் துணிச்சல் வரும்? நான் சீமெந்தையும் தகரத்தையும் கட்டினேன். மறைப்பைக் கட்ட மறந்துவிட்டேன். மனைவி தலைசீவிக்கொண்டு வழக்கம்போல் எதிர்க்கடைக்குப் போனாள்.

மூன்றாம் நாள் காலையில் கோப்ரல் ஒரு தோளில் துவாயும் மறு தோளில் துவக்குமாக வந்தார். நேரே நீலக் கதவைத் திறந்து உள்ளே போனார். வெளியே வந்து, மிகவும் நன்றாக இருக்கிறது என்று சிங்களத்தில் சொல்லி என் முதுகில் தட்டினார்.

"பொஹொம ஹொந்தாய், முதலாளி!"

பலகையைத் தமிழில் மட்டும் எழுதியிருந்தேன். அவர்களில் ஒருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் எங்கே போய்ச் சொல்வது? ஓம் ஓம் என்று பல்லைக் காட்டினேன். அன்றிலிருந்து சென்றி மாறுகிற நேரமெல்லாம் என் கடைக்குப் பக்கத்தில் சப்பாத்துச் சத்தம்தான். துவக்கைச் சுவரில் சாத்திவிட்டு, முறை வரும்வரை என் பச்சை வாங்குகளில் இருந்து ரேடியோ கேட்டார்கள். பெண்கள் என் பக்கத்து வீதியோரத்தால் நடப்பதையே விட்டுவிட்டார்கள். பிறகு ஆண்களும் விட்டார்கள். நான் சுட்ட பெரிய வடைகள் கண்ணாடி அலுமாரிக்குள்ளேயே கிடந்து காய்ந்தன.

அந்த நாட்களில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையை எழுதுவதில் அர்த்தமில்லை. ஒருநாள் கோப்ரல் எதிர்க்கடையைக் காட்டி, அங்கே ஏன் அக்கரைப் பெண்கள் இவ்வளவு பேர் போகிறார்கள், உள்ளே போனால் ஏன் வெளியே வர நேரமாகிறது என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெசிகிளி என்ற சொல் எனக்குத் தெரியும்தானே. சொல்லவில்லை. தெரியாது என்று தோளைக் குலுக்கி, ஆனால் நானும் கவனித்திருக்கிறேன் என்பதுபோல் அந்தப் பக்கம் பார்த்தபடி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அந்தக் காலத்தில் அப்படி ஒரு பார்வை போதும், ஒரு கொட்டில் இல்லாமல் போவதற்கு. அந்தக் கணத்தில் மனைவி தேநீரோடு வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றாள். கோப்ரல் கோப்பையை வாங்கிக்கொண்டு வேறு கதைக்குப் போய்விட்டார். அந்தப் பாவத்திலிருந்து நான் தப்பினேனே தவிர, நல்லவன் என்பதால் தப்பவில்லை.

பத்து நாள் போயிருக்காது. அக்கரையிலிருந்து மீன் கொண்டுவருகிற ஒருவர் கடைக்குள் வந்து, யாரும் இல்லாததைப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"உங்கள அங்கால வரச்சொல்லியிருக்காங்க. வெள்ளிக்கிழமை. ஆமிக்குக் கக்கூஸ் கட்டிக் குடுத்தது என்னத்துக்கெண்டு கேக்கணுமாம்."

இயக்கம் வரச்சொன்னால் போகத்தான் வேண்டும். போய்த் திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். வராதவர்களும் இருக்கிறார்கள். மனைவி அழவில்லை, எழுந்து எதிர்க்கடைக்குப் போனாள். அந்த நேரத்திலும் எனக்கு, இவள் இப்போதும் அங்கேதானா ஓடுகிறாள் என்றுதான் பட்டது.

வெள்ளிக்கிழமை பாதையில் ஏறினேன். எனக்கு எதிரே, மடியில் பன்னால் இழைத்த ஒரு பையோடு, எதிர்க்கடைக்காரி இருந்தாள். அவளுடைய கொட்டிலின் வாசல் பகலில் அடைத்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். உறவு வீட்டுக்குப் போகிறாளாக்கும், நான் போகிற கோலத்தை வேடிக்கை பார்க்கவும் ஆசையாக்கும் என்று நினைத்து, முகத்தை வாவிப் பக்கம் திருப்பிக்கொண்டேன். இறங்கியதும் அவள் எனக்குப் பின்னாலேயே நடந்து வந்தாள். நான் நின்றால் நின்றாள். விசாரணை நடக்கிற வீட்டு வாசல்வரை வந்து, எனக்கு முன்னால் உள்ளே போனாள்.

மேசைக்குப் பின்னால் ஒரு பொடியன் இருந்தான். மீசை இப்போதுதான் அரும்பியிருந்தது. முன்னால் ஒரு கொப்பி.

"நீங்கதானா ஆமிக்குக் கக்கூஸ் கட்டிக் குடுத்த ஆள்?"

நான் வாயைத் திறக்குமுன் அவள் பேசினாள்.

"ஆமிக்கில்ல தம்பி. பொம்பிளையளுக்குக் கட்டினது. நான்தான் கட்டச் சொன்ன. என்ர ஒரு குழி இவ்வளவு சனத்துக்கும் காணாதெண்டு அண்ணனக் கெஞ்சிக் கேட்டன். பலகையில எழுதியும் போட்டிருக்கு. அவங்க வாசிக்கத் தெரியாம வந்து புகுந்தா இவரு என்ன செய்யிற? துவக்கோட வாறவன வெளிய போ எண்டு சொல்லவா?"

முழுப் பொய். என்னிடம் அவள் ஒருநாளும் எதையும் கேட்டதில்லை. பொடியன் நம்பாமல் கொப்பியைத் தட்டிக்கொண்டிருந்தான். அவள் ஒரு அடி முன்னால் போனாள்.

"உங்கட அம்மாட்டக் கேளுங்க. போன செவ்வாய்க்கிழமையும் கிளினிக்குக்குப் போய் வரக்குள்ள என்ர அடுப்படியாலதான் போனவ. சீனி வருத்தக்காரி. அவவால எவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டு லைன்ல நிக்க ஏலும்?"

பொடியனின் காது சிவந்தது. கொப்பியை மூடினான்.

"அம்மா சொன்னவ, உங்கட கடையப் பத்தி" என்றான். பிறகு என்னைப் பார்க்காமலே, "சரி, போங்க" என்றான்.

திரும்பும் பாதையில் உயிர் மிஞ்சிய சந்தோஷம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கடியில் அந்தப் பழைய எரிச்சலும் இருந்தது. என் கண்ணாடி அலுமாரியில் இல்லாத ஏதோ ஒன்று அவளிடம் இருந்தது. வாவியின் இரண்டு கரையிலும் யாருடைய தாயும், யாருடைய மனைவியும் அவளுடைய அடுப்படியால் நடந்திருந்தார்கள். என் கடைக்குள் யாருடைய தாய் வந்தாள்?

"அண்ணன்" என்றாள் அவள், கரை நெருங்கும்போது. "மாரிக்கு வாவித் தண்ணி ஏறும், குழி நிரம்பிட்டெண்டு ஆமிக்காரருக்குச் சொல்லுங்க. கொஞ்ச நாள் பூட்டி வெச்சிட்டு, வாசல அடுப்படிப் பக்கமாத் திருப்புங்க. எனக்குத் தனியச் சமாளிக்க ஏலாமத்தான் கிடக்கு."

பொய் சொன்னாள் என்று நினைத்தேனே, அவளுக்கு உண்மையாகவே இரண்டாவது குழி தேவையாக இருந்திருக்கிறது. நான் சரியாகக் கட்டியிருந்தால் முதலில் சந்தோஷப்பட்டிருப்பவள் அவள்தான். நான் அந்தப் பெண்ணைத்தான் ஒரு பார்வையால் இல்லாமல் ஆக்கப் பார்த்தேன்.

மறுநாள் காலை வீதியைக் கடந்து போனேன். அந்தக் கொட்டிலுக்குள் நான் கால் வைத்தது அதுவே முதல் தடவை. நன்றி சொல்லத்தான் போனேன். கோப்ரலிடம் வாயெடுத்ததையும் சொல்லிவிட வேண்டும் என்று இரவு முழுக்க நினைத்திருந்தேன். அவள் அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். அடுப்படி வாசலில், நிரம்பிய தண்ணீரோடு, நீல வாளி இருந்தது. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், தட்டில் அடுக்கியிருந்தவற்றைப் பார்த்தபடி நின்றேன்.

அவள் என்னை ஒருதரம் பார்த்தாள். எல்லாப் பெண்களிடமும் சொல்வதைத்தான் எனக்கும் சொன்னாள்.

"ஒண்டும் வாங்கத் தேவையில்ல அண்ணன், சும்மா வாங்க."

நான் ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு வந்தேன்.